மறு: லீடு ஸ்க்ரூ, பிளாஸ்டிக் நட்டு – ‘பதிசுரை’ சரிவருமா?

குழுவினர் அனைவருக்கும் ரங்கூனிலிருந்து வணக்கம். லீடு ஸ்க்ரூ என்ற திருகுத் தண்டில் ஏறி ஓடும் பிளாஸ்டிக் நட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> லீடு ஸ்க்ரூ = ஈயத் திருகு, நட்டு = மரை. சேர்த்து ‘நெகிழி ஈயத்திருகு மரை’ எனலாமா?

ஐயா, ஈயம் இங்கே வராது. இந்த ‘லீடு’ உலோகம் இல்லை. தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் நட்டு எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கு. திருகு அளவியில் படித்த புரியிடைத் தூரமும் இதுவும் ஒற்றைப் புரித் திருகில்தான் ஒன்றாக இருக்கும். முப்பரிமாண அச்சுப்பொறிகளில் பரவலாக உள்ள 8 மி.மீ. தண்டில் நான்கு புரிகள் சேர்ந்து ஓடும். புரியிடைத் தூரம் 2 மி.மீ., ஒரு சுற்றில் நகர்வதோ 8 மி.மீ. தண்டு தன் இடத்திலேயே சுழன்று நட்டை நகர்த்துகிறது. அதனால் ‘நகர்த்துதிருகு’ என்கிறேன்.

மரை நல்ல சொல்தான். ஆனால் பட்டறையில் ‘மரை தேய்ந்துபோச்சு’ என்றால் புரி, ‘ரெண்டு மரை எடு’ என்றால் நட்டு. ஒரே சொல் இரண்டுக்கும் ஓடுகிறது. நகைத் தொழிலில் இந்தக் குழப்பம் இல்லை. தோட்டின் தண்டு ஆணி, அது ஏறி உட்காரும் சின்னக் குழல் சுரை. அம்மா தோடு கழற்றும்போது சுரையைத் தொலைத்துவிட்டுத் தரையெல்லாம் தேடியதைப் பார்த்திருப்பீர்கள். அதையே எடுத்துக்கொள்வோம்: நட்டு என்றால் சுரை, உள்ளே சுற்றி ஓடும் கோடு புரி.

அடுத்து, இந்தச் சுரை எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பெயர் அதிலிருந்துதான் வருகிறது.

என் பழைய மில்லிங் மெஷினில் (உலோகம் செதுக்கும் எந்திரம்) வெண்கலச் சுரை தேய்ந்து, கைப்பிடியைத் திருப்பினால் கால் சுற்று வரை மேசை அசையாது. புதிதாக டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கட்டையில் செய்தேன். கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்து வைத்துக்கொண்டு, திருகைத் துடைத்து கேஸ் டார்ச்சால் சூடேற்றினேன். சூடேற்ற வேண்டியது இரும்பைத்தான், பிளாஸ்டிக்கை அல்ல. டெல்ரின் சுமார் 175 டிகிரியில் இளகும். டெல்ரின் சீவல் ஒன்றைத் திருகில் வைத்துப் பார்த்தேன். அது நெய் போல இளகியதும் இரண்டு பாதிகளையும் திருகின் இருபுறமும் வைத்து வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்கினேன். வெள்ளைப் பிளாஸ்டிக் மெதுவாகப் பிதுங்கி வந்தது. ஆறியபின் திருப்பினால் முதலில் அசையவே இல்லை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டிய பிறகு பட்டுப்போல ஓடியது. ஆட்டம், அதாவது கைப்பிடி திரும்பியும் மேசை அசையாத அந்தத் தளர்வு, துளியும் இல்லை. அதே திருகிலிருந்து எடுத்த புரி, வேறெப்படி இருக்கும்? பின்னால் தேய்ந்தாலும் பாதிகளை இன்னும் கொஞ்சம் நெருக்கிவிடலாம்.

(செய்து பார்ப்பவர்கள் வெட்டவெளியில் செய்யுங்கள். டெல்ரின் அளவுக்கு மேல் சூடானால் ஃபார்மால்டிஹைடு கிளம்பும், கண்ணும் தொண்டையும் எரியும். நைலானும் வேண்டாம். ரங்கூன் மழைக்காலத்து ஈரத்தை இழுத்துப் பருத்து, தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்.)

> ‘வார்ப்பு மரை’ போதாதா?

தங்கை, உருக்கி ஊற்றினால்தான் வார்ப்பு. இங்கே ஊற்றவும் இல்லை, கடையவும் இல்லை. ஈர மண்ணில் கால் பதிவது போல இளகிய கட்டையில் திருகு பதிகிறது. அதனால் ‘பதிசுரை’. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நடுவில் ‘ச்’ வராது. ‘பதிச்சுரை’ என்று எழுதிவிடாதீர்கள்.

பர்மிய மொழியில் திருகுக்கு வெட்ஊ என்று பெயர். பன்றிக்குடல் என்று பொருள். சுருண்டு கிடப்பதைக் கண்ணால் கண்டு வைத்த பெயர். என் பட்டறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்குச் சட்டென்று நாவில் வருவதும் அதுதான். அவர்கள் தமிழ் படிப்பது கோயிலில் நடக்கும் ஞாயிறு வகுப்பில். அந்த வகுப்பில் சுரை, புரி, ஆட்டம் எல்லாம் வராது. கையில் கொடுத்து, இளகுவதைக் காட்டி, ‘இதுதான் பதிசுரை’ என்றால் மறக்கமாட்டார்கள். போன வாரம் ஒரு பையன் தானாகவே ‘அண்ணே, இன்னொரு பதிசுரை பண்ணலாமா?’ என்றான்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. வைஸில் வைக்கும் முன் அந்த இரண்டு பாதிகளையும் ‘அரைச்சுரை’ என்றால், அரைக்கிற பொருள் என்று யாரும் படித்துவிடுவார்களோ? தட்டார் வீட்டுப் பழக்கம் உள்ளவர்கள் வேறு சொல் இருந்தால் தாருங்கள்.