மாற்கு பயந்து ஓடினான் என்று யார் சொன்னது?

கடைசிபெஞ்சு:
நேற்று உபவாச ஜெபத்துக்கு வந்த ஊழியர் முக்கால் மணி நேரம் ஒரே பல்லவி பாடினார். பவுல், பர்னபாவோடு ஊழியப் பயணம் போன மாற்கு மலையைப் பார்த்துப் பயந்து ஓடினானாம், அந்தத் தோல்விதான் அவனைச் சுவிசேஷகன் ஆக்கியதாம், ஆகவே நாமும் நம் தோல்விகளுக்கு ஸ்தோத்திரம் சொல்ல வேண்டுமாம். எல்லோரும் அல்லேலூயா போட்டார்கள். அப்போஸ்தலர் 13:13-ஐப் புரட்டிப் பாருங்கள். பெர்கே பட்டணத்தில் அவர்களைப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பினான், அவ்வளவுதான். பயம் எங்கே இருக்கிறது?

சாரோன்ரோஜா:
பிரதர், வரைபடம் பாருங்கள். பெர்கேயிலிருந்து பிசீதியா அந்தியோகியாவுக்குப் போக தாரஸ் மலையைத் தாண்ட வேண்டும். வேலைக்காரப் பெண் வந்து வாசல் திறக்கிற வீட்டுப் பையன் அவன். பயப்படாமல் என்ன செய்வான்?

கடைசிபெஞ்சு:
மலை இருந்ததால் பயமும் இருந்தது. நல்ல வேத ஆராய்ச்சி! பெர்கே இருக்கிற பம்பிலியாவின் தாழ்நிலத்தில் பவுலுக்கு மலேரியா வந்திருக்கும் என்று ராம்சே என்ற அறிஞர் எழுதினார். அதுவும் ஊகம்தான். காய்ச்சல் மாற்குவுக்கே வந்திருக்கலாமே? பயம் எங்கே?

நாசரேத்துக்காரன்:
காரணம் எதுவாக இருந்தால் என்ன? கிரியைக்கு வராதவனை அடுத்த பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று அப்போஸ்தலர் 15:38-ல் பவுல் அடித்துச் சொல்கிறார். எருசலேமில் சீஷர்கள் தன்னைக் கண்டு பயந்தபோது கைபிடித்து அழைத்துப்போன பர்னபாவையே அதற்காகப் பிரிந்தார். அது தோல்வி இல்லையா?

கடைசிபெஞ்சு:
பர்னபாவும் பெர்கேயில் இருந்தவர்தானே. அவருக்கு ஏன் அப்படித் தோன்றவில்லை?

நாசரேத்துக்காரன்:
மாற்கு அவருக்குச் சொந்தக்காரன், கொலோசெயர் 4:10. மச்சான் கணக்கில் துண்டு விழுந்தால் சபைக் கமிட்டிக்குக் கண் தெரியாதே, அந்த மாதிரி.

ஒலிவமரம்:
கமிட்டி பற்றி யார் பேசுவது! போன தேர்தலில் உங்கள் அணி செய்ததை இங்கே எழுதட்டுமா?

நாசரேத்துக்காரன்:
எழுதுங்கள் ஐயா. கூடவே பாடகர் குழுவில் உங்களை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

சாரோன்ரோஜா:
ரெண்டு பேரும் சும்மா இருங்கள். கடையை மூடிவிட்டுக் கடனோடு நின்றபோதுதான் நான் முழங்காலில் நிற்கவே கற்றேன். நேற்றைய செய்தி எனக்கு ஆறுதல். அதையும் பிடுங்க வேண்டுமா?

கடைசிபெஞ்சு:
உங்கள் சாட்சியோடு எனக்குச் சண்டை இல்லை சிஸ்டர். அதை மாற்கு தலையில் கட்டாதீர்கள். பயம் எங்கே என்று கேட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

ஒலிவமரம்:
சரி, 2 தீமோத்தேயு 4:11-க்கு என்ன சொல்வீர்கள்? அதே பவுல் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறார், ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். விழுந்தவன் வளர்ந்திருக்கிறான்.

கடைசிபெஞ்சு:
பத்தாம் வசனத்தை ஏன் தாண்டினீர்கள்? அங்கே தேமா இருக்கிறான். பிலேமோன் 24-ல் மாற்கும் தேமாவும் ஒரே வரியில் உடன்வேலையாட்கள். ஆனால் கடைசியில் தேமா உலகத்தின்மேல் ஆசைவைத்துத் தெசலோனிக்கேக்குப் போய்விட்டான். தோல்வி தானாக ஆளை வளர்க்கும் என்றால் தேமா எழுதிய சுவிசேஷத்தைக் காட்டுங்கள். மாற்குவைத் தூக்கிவிட்டது தோல்வி அல்ல, கோபத்துக்கு நடுவிலும் சீப்புரு தீவுக்குக் கப்பலேற்றிக் கூட்டிப்போன பர்னபா. அதை எந்த ஊழியரும் சொல்ல மாட்டார். சொன்னால் விழுந்தவனோடு யாராவது கூட நடக்க வேண்டி வரும். ஸ்தோத்திரம் சொல்லச் சொல்வது சுலபம்.

நாசரேத்துக்காரன்:
தூக்கிவிட்டார் என்றால் விழுந்தான் என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி, வணக்கம்.

கடைசிபெஞ்சு:
நான் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. பவுலின் பார்வையில் விழுந்தவன் என்று வைத்துக்கொண்டு சொன்னேன். பயம் எங்கே?

ஒலிவமரம்:
கிறிஸ்துமஸ் சமயம் தாவீதை வைத்து மூன்று நாள் எங்கள் உயிரை வாங்கியவர் இவர்தான். யாரும் பதில் எழுதாதீர்கள்.

கடைசிபெஞ்சு:
தாவீது விஷயத்திலும் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சாரோன்ரோஜா:
இயேசுவைப் பிடித்த இரவில் கெத்செமனேயில் துப்பட்டியைப் போட்டுவிட்டு ஓடின வாலிபன் மாற்குதான் என்று சொல்வார்கள். மாற்கு 14:51, 52. ஓடுவது அவனுக்குப் புதிதா?

கடைசிபெஞ்சு:
அந்த வசனத்தில் பெயர் எங்கே இருக்கிறது?