காதல் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள் பார்ப்போம்

ஏரிக்கரை:
தங்கச்சிக்கு வரன் பார்க்கிறோம். "மனசுக்குப் பிடிச்சிருக்கணும்" என்கிறாள், பிடிப்பது என்றால் என்ன என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் எங்கள் அப்பாதான். அம்மாவுக்குக் கண்புரை அறுவை ஆனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை கெண்டைக் குழம்பு என்றால் நடுத்துண்டைப் பிய்த்து, விரலால் தடவித் தடவி முள்ளை எல்லாம் எடுத்து அம்மா தட்டில் வைப்பார், அதுவரை தன் சோற்றைத் தொடமாட்டார். காதல் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. ஒருத்தருக்காக முள் எடுப்பதுதான் காதல். முடிந்தது.

தீக்குச்சி:
முடியவில்லை அண்ணா. அந்தக் குழம்பை வைத்தது யார்? மீனை உரசிக் கழுவி, புளி கரைத்து, அடுப்படியில் வெந்தது யார்? அம்மா செய்தால் கடமை, அப்பா செய்தால் காதல், நல்லா இருக்கு கணக்கு! என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல முடிகிற இடத்தில் வேண்டும் என்று சொல்வதுதான் காதல். போக்கிடம் இல்லாமல் இருந்துவிட்டதை எல்லாம் அந்தக் கணக்கில் எழுதாதீர்கள்.

ஓலைச்சுவடி:
தொல்காப்பியர் இந்த ஒருவரி வேலையில் இறங்கவே இல்லை. ஒருதலையாக இருப்பது கைக்கிளை, பொருந்தாதது பெருந்திணை என்று இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டார். நடுவில் இருப்பதுதான் அன்பின் ஐந்திணை. அந்த ஐந்திலும் கூடுவது குறிஞ்சி ஒன்றில்தான், மற்ற நான்கில் பிரிகிறார்கள், காத்திருக்கிறார்கள், புலம்புகிறார்கள், ஊடுகிறார்கள். சண்டையும் உள்ளே சேர்த்திதான் என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

தீக்குச்சி:
ஊடலுக்குரிய மருதத் திணையில் அந்தச் சண்டை எதற்கு வருகிறது என்பதையும் சொல்லுங்கள் ஐயா. தலைவன் பரத்தை வீட்டுக்குப் போய்விட்டு வருவான், தலைவி கதவைச் சாத்துவாள், பாணனைத் தூது விடுவான், தோழி நடுவில் நிற்பாள், கடைசியில் கதவு திறக்கும். திறக்காமலே இருந்துவிட்ட தலைவியை ஏன் யாரும் கொண்டாடவில்லை?

ஓலைச்சுவடி:
நியாயமான கேள்விதான் அம்மா, மறுக்கவில்லை. ஆனால் குறளின் கடைசி அதிகாரத்தைப் பாருங்கள். முதல் குறளிலேயே அவன்மேல் ஒரு தவறும் இல்லை என்கிறாள், இருந்தும் ஊடுகிறாள்.

பலகை30:
நாங்கள் இருவரும் மதம் மாறாமல், 1954 சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிந்தவர்கள். அதில் 30 நாள் நோட்டீஸ் உண்டு. எங்கள் பெயரை அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள், ஆட்சேபம் சொல்ல நினைப்பவர் சொல்லலாம். அந்த ஒரு மாதமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போய், சொந்தக்காரர் யாராவது நின்று படிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவேன். பசை காய்ந்து காகிதத்தின் ஒரு மூலை சுருண்டு அவள் பெயரை மறைத்துவிட்டது, நான் அதை நிமிர்த்தவே இல்லை. அந்த 30 நாளில் எந்த நாள் வேண்டுமானாலும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதனால் தீக்குச்சி பக்கம்தான் என் ஓட்டு. ஆனால் ஒன்று. இப்போது ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, "வேண்டுமா, வேண்டாமா" எல்லாம் யாரும் கேட்பதில்லை, "பால் வாங்கிட்டியா"தான். இதுக்கு என்ன பேர்?

தீக்குச்சி:
இப்பவும் அவங்களால வேண்டாம்னு சொல்ல முடியும்னா, அதே பேர்தான்.

ஏரிக்கரை:
நேற்று வந்த எரிச்சலில் அம்மாவிடமே கேட்டுவிட்டேன், அப்பா முள் எடுத்துத் தருவது பிடிக்குமா என்று. "எனக்கு மீன் தலைதாண்டா பிடிக்கும், அதைத்தான் அவரு எடுத்துக்கிறாரே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா குடுத்துடுவாரு. அவருக்கும் அதுதானே பிடிக்கும்."

தீக்குச்சி:
இது உங்கள் கட்சிக்குச் சாட்சியா, என் கட்சிக்கா?

ஏரிக்கரை:
அதைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பலகை30:
ரெண்டு மீனா வாங்கிப் போட வேண்டியதுதானேப்பா!