பாட்டாவோட கோல்ட் (Colt) கம்பெனி பிஸ்டல்ல 1897-னு இருக்கு, அதுதான் செஞ்ச வருஷமா?

வேளிமலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க பாட்டா கீரிப்பாறைப் பக்கம் எஸ்டேட்ல கணக்கு எழுதிட்டு இருந்தாவ, தொரை ஊருக்குப் போகும்போது முறையா எழுதிக் குடுத்துட்டுப் போன பிஸ்டல் ஒண்ணு லைசென்ஸோட வீட்டுல இருந்துச்சு, பெறவு அது அப்பா பேருக்கு மாறிச்சு. அப்பா தவறுனதும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையில டெபாசிட் பண்ணி ரசீது வாங்கியாச்சு, இப்ப அண்ணன் பேருல கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டிருக்கோம்.

கடைக்காரர் முன்னால வச்சுப் பாத்தேன். இடது பக்கம் கோல்ட் கம்பெனி பேரு, அமெரிக்காவுல உள்ள ஹார்ட்ஃபோர்டு ஊரு, அதுக்குக் கீழ பேட்டன்ட்னு போட்டு ஏப்ரல் 20, 1897, டிசம்பர் 22, 1903. வலது பக்கம் கோல்ட் ஆட்டோமேட்டிக், காலிபர் .32. சின்னச் சின்னக் கிரீடக் குறியும் உண்டு. சித்தப்பா 1897-தான்னு அடிச்சுச் சொல்லுதாவ, பழைய திருவிதாங்கூர் லைசென்ஸ் தாள்ல பாத்தா கொல்ல வருஷம் 1112-னு இருக்கு. எத எடுத்துக்க? சித்தப்பா மகன் வேற, கையில கெடச்சா எமரி பேப்பர் போட்டுப் பளபளன்னு ஆக்கிருவேன்னு நிக்கான்.

நாஞ்சில் பழசு:
தங்கச்சி, முதல்ல அந்தத் தம்பிகிட்ட சொல்லிருங்க, தேய்க்காண்டாம். மத்தத பெறவு பேசலாம்.

1897-ங்கறது பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கு உரிமை, குடுத்த தேதி. ஜான் பிரவுனிங்னு ஒரு பெரிய துப்பாக்கி வல்லுநர், அவருக்கு அன்னைக்கு ஒரே நாள்ல பல பேட்டன்ட் கெடச்சுது, அதையும் 1903 பேட்டன்ட்டையும் கோல்ட் கம்பெனி பல வருஷம் அச்சடிச்சுக்கிட்டே இருந்தான். உங்க கையில உள்ளது 1903 மாடல் பாக்கெட் பிஸ்டல், சுத்தியல் வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள இருக்கும், 1903-ல தொடங்கி 1945 வரைக்கும் செஞ்சது. ஒரே துப்பாக்கில ரெண்டு தேதி இருந்தா பிந்தின தேதிக்கு முன்னால அது பிறந்திருக்க வழியே இல்ல, அதனால 1897 அதுலயே அடிபட்டுப் போச்சு. இந்த பேட்டன்ட் தேதியப் பாத்து ஏமாறுறவங்க ரொம்பப் பேரு, விக்கிறவனும் அதச் சொல்லித்தான் விலையக் கூட்டுவான்.

கொல்ல வருஷம் 1112-னா இங்கிலீஷ் கணக்குல 1936-37. அது பாட்டா கைக்கு வந்த காலம், செஞ்ச காலம் இல்ல. ஆனா அந்தத் தாள பத்திரமா வைங்க, துப்பாக்கியோட வரலாறு அதுலதான் இருக்கு.

இனி மூணு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணு, பிரேம்ல (கைப்பிடியோட சேந்த அடிப்பாகம்) உள்ள சீரியல் நம்பர் (முழுசும் இங்க போடாண்டாம், எத்தன லட்சம்னு மட்டும் போதும்). குழல் வாயில தனியா ஒரு வளையம் மாட்டியிருக்கா, இல்ல ஸ்லைடே (மேல முன்னும் பின்னும் நகருற பாகம்) நேரா வந்து முடியுதான்னு பாருங்க. மேகசின (தோட்டா அடுக்குற பெட்டி) உருவினப் பெறவும் டிரிகர் வேலை செய்யுதான்னு கடைக்காரர்கிட்டயே கேளுங்க, நீங்க இழுத்துப் பாக்காதீங்க.

மார்த்தாண்டம் பட்டறை:
கிரீடத்துக்குக் கீழ என்ன எழுத்துன்னும் பாருங்க. பிவி (BV), பிபி (BP), என்பி (NP)-னு இருந்தா அது பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ், அதாவது இங்கிலாந்துல துப்பாக்கியச் சோதிச்சு முத்திரை குத்துற இடத்தோட குறி. பிவி-னா கண்ணால பாத்துச் சரின்னு ஒத்துக்கிட்டது, பிபி-னா கூடுதல் மருந்து வச்சுச் சுட்டுப் பாத்தும் குழல் தாங்குச்சுன்னு அர்த்தம், என்பி-னா புகையில்லா மருந்துக்கும் சோதிச்சாச்சு. இந்த எழுத்துக்குறி எல்லாம் 1904-க்குப் பெறவு வந்தது, அதுக்கு முன்னால அங்க செங்கோல் ரெண்டு குறுக்க கெடக்கிற மாதிரி குறிதான். சிலதுல இங்கிலாந்துல செஞ்சது இல்லன்னே தனியா அடிச்சிருப்பான். முக்கோணத்துக்குள்ள வி, பி (VP)-னு இருந்தா அத இதோட குழப்பாதீங்க, அது கோல்ட் கம்பெனியோட சொந்தக் குறி.

வேளிமலைக்காரி:
இன்னைக்குப் போய் லென்ஸ் வச்சுப் பாத்துட்டு வாறேன். நம்பர் 4 லட்சத்தத் தாண்டுது. குழல் வாயில தனி வளையம் இல்ல. மேகசின் இல்லாமலும் டிரிகர் வேலை செய்யும்னு கடைக்காரர் காட்டித் தந்தாரு. கிரீடத்துக்குக் கீழ பிவி நல்லாத் தெரியுது, இன்னொண்ணு தேஞ்சுபோய் கடைசி எழுத்து பி (P) மட்டும் கெடக்கு. முக்கோணமும் இருக்கு.

நாஞ்சில் பழசு:
கொள்ளாம், நல்லாப் பாத்திருக்கீங்க. அந்த வளையத்த 1910-ல எடுத்துட்டான், மேகசின் இல்லன்னா சுடாதபடி பூட்டு 1926-லதான் சேத்தான். அப்ப உங்களுது இந்த ரெண்டுக்கும் நடுவுல, அந்த வகையோட நம்பர் ஒரு லட்சத்துச் சொச்சத்துல தொடங்கி 4 லட்சத்து 68 ஆயிரம் பக்கம் முடியும், ஆகையால 4 லட்சத்துக்கு மேலன்னா 1920-கள்ல செஞ்சதுன்னு தைரியமாச் சொல்லலாம். ஹார்ட்ஃபோர்டுல செஞ்சு, பர்மிங்காம்ல சோதிச்சு, தொரை பெட்டியில ஏறி மலைக்கு வந்து, 1112-ல பாட்டாகிட்ட சேந்திருக்கு. நாலு குறியும் ஒரே கதையச் சொல்லுது பாத்தியளா, ஒரு குறிய மட்டும் பிடிச்சுக்கிட்டுத் தொங்குனாத்தான் தப்பாப் போகும். எந்தத் தேதி எங்க அனுப்புனான்னு சரியா வேணும்னா கோல்ட் கம்பெனி ஆவணப் பிரிவுக்குக் காசு கட்டினா நம்பரப் பாத்து லெட்டர் தருவான்.

தேய்க்காண்டாம்னு சொன்னது எதுக்குன்னா, ஓரம் கூர்மையா எழுத்து ஆழமா நிக்கிறதுதான் மதிப்பு. எமரி போட்டா எழுத்தோட கரை மழுங்கி, ஓட்டையச் சுத்திப் பள்ளம் விழும், அதுக்கு மேல இரும்புக்குப் புதுசா நீல நிறம் ஏத்தினாலும் தெரிஞ்சவன் ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருவான். தேங்காண்ணெயும் தடவாண்டாம், நாள்பட்டா காறிப்போய் பிசுபிசுன்னு அழுக்க இழுக்கும். தோல் உறையில போட்டு வைக்கிறதும் கெடுதல், நம்ம ஊரு உப்புக் காத்துல தோல் ஈரத்தப் பிடிச்சு இரும்ப அரிச்சிரும். துப்பாக்கி எண்ணெயத் துணியில லேசா எடுத்துத் துடைச்சா போதும், அதையும் கடைக்காரரே பண்ணித் தருவாரு.

குளச்சல் காத்து:
இதப் படிச்சதும் எனக்கும் கேக்கணும்னு தோணுது அண்ணே. எங்க வீட்டுல குழலும் கட்டையும் போய் வெறும் கல்பொறி லாக் (கல்லு உரசிப் பொறி வரவச்சு மருந்தப் பத்தவைக்கிற விசை) மட்டும் ஒண்ணு கெடக்கு, திருவிதாங்கூர் படைத் தளபதி டிலனாய் உதயகிரிக் கோட்டையில செஞ்சதுன்னு ஆச்சி சொல்லுவாவ. தட்டுல ஒரு சிங்கம் நின்னுக்கிட்டு கிரீடத்தப் பிடிச்சிருக்கு.

நாஞ்சில் பழசு:
தம்பி, அது கிழக்கிந்தியக் கம்பெனி முத்திரை. முன்னால இதய வடிவத்துல குறி போட்டுக்கிட்டு இருந்தான், 1808-லதான் சிங்கத்துக்கு மாறினான். டிலனாய் 1777-லயே எறந்துட்டாரு, கல்லறை அந்தக் கோட்டைக்குள்ளயே இருக்கு. அதனால அது அவரு பட்டறையில பிறந்திருக்க வாய்ப்பில்ல, ஆனா கம்பெனிப் படை நம்ம பக்கம் வந்ததுக்குச் சாட்சியா இருக்கலாம், வித்துராதீங்க.

மார்த்தாண்டம் பட்டறை:
அக்கா, ஒண்ணு மட்டும். நூறு வருஷம் ஆச்சுன்னா லைசென்ஸ் வேண்டாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 1959 ஆயுதச் சட்டத்துல விலக்கு இருக்குறது, ரிப்பேர் பண்ணினாலும் சுட முடியாத பழசுக்குத்தான். உங்களுது சுடுற நிலையில உள்ளது, அண்ணன் பேருல உத்தரவு வாற வரைக்கும் கடையிலயே இருக்கட்டும். நம்பர அழிக்கிறதும் மாத்துறதும் அதே சட்டத்துல குற்றம், எமரி பேப்பர்காரத் தம்பிகிட்ட இதையும் சேத்துச் சொல்லுங்க.

வேளிமலைக்காரி:
சித்தப்பாகிட்ட முழுசா வாசிச்சுக் காட்டிட்டேன், நம்பரப் பத்திக் கேட்டதும் ஒத்துக்கிட்டாவ. கொல்ல வருஷத் தாள இன்னைக்கே ஸ்கேன் பண்ணி, மனுவோட சேக்கச் சொல்லி அண்ணனுக்கு அனுப்பியாச்சு. கோல்ட் கம்பெனிக்கு எழுதணும்னா என்னென்ன போட்டோ கேப்பான்?