மாடிக் கட்டடத்துக்குள் வழி பிடிபட எப்படிப்பட்ட அடையாளங்கள் உதவும்?

குளக்கட்டு (கிளிநொச்சி):
நான் வேலை செய்யும் அரச அலுவலகம் மூன்று மாடிக் கட்டடமொன்றுக்கு மாறியதிலிருந்து, அங்கு வரும் முதியவர்கள் வழி தெரியாமல் தடுமாறுவதைப் பார்க்கிறேன். பாலை மரத்தையும் குளக்கட்டையும் வைத்தே இருட்டிலும் வீடு போய்ச் சேரக்கூடியவர்கள், ஓய்வூதியப் பிரிவை விட்டு வெளியே வந்ததும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். ஒவ்வொரு கதவின் மேலும் மும்மொழியிலும் பெயர்ப்பலகை இருக்கிறது. இன்னும் பலகைகள் வைப்பதா, வேறு ஏதாவது செய்வதா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்று.

படவரைஞர் (வவுனியா):
ஒரு கட்டடத்தில் வழி கண்டுபிடிப்பதைத் தீர்மானிக்கும் காரணிகளாக ஆய்வாளர் ஜெரால்ட் வைஸ்மன் 1981இல் நான்கைக் குறிப்பிட்டார்: போகவேண்டிய இடம் தூரத்திலிருந்தே கண்ணில் படுவது, ஒரு பகுதி மற்றதிலிருந்து வேறுபட்டுத் தெரிவது, பலகைகள், கட்டட அமைப்பின் எளிமை. பலகை அவற்றில் ஒன்றுதான். உங்கள் மூன்று மாடிகளும் ஒரே நிறம், ஒரே தரை, ஒரே கதவு என்றால், எத்தனை பலகை மாட்டினாலும் தான் நிற்பது இரண்டாம் மாடியா மூன்றாம் மாடியா என்பது வருபவருக்குத் தெரியாது. வெளியே, கிளிநொச்சியின் ஏ9 வீதியில் என்றால், கரடிப்போக்குச் சந்தி, கந்தசுவாமி கோயில் என்று சொன்னாலே போதும். ஆனால் கட்டடத்துக்குள் சுவர்கள் பார்வையை மறிப்பதால் அடையாளம் திரும்பவேண்டிய மூலையிலேயே இருக்கவேண்டும். நீண்ட நடைபாதையின் நடுவில் மாட்டிய படம், சரியான வழியில்தான் போகிறோம் என்ற தைரியத்தைத் தரும், அவ்வளவுதான்.

தாதி (முல்லைத்தீவு):
எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளரைப் பார்க்க வருபவர்கள் விடுதி (வார்ட்) இலக்கத்தைச் சொல்வது குறைவு. "பிள்ளையார் படத்தடியால திரும்பினால்" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருமுறை குடிநீர்த் தாங்கியை வேறு மூலைக்கு மாற்றியபோது, அதை நம்பி வந்த பலர் சத்திரசிகிச்சை விடுதிக்குள் வந்துவிட்டார்கள். ஆகவே நகர்த்தக்கூடிய பொருளை அடையாளமாக்க வேண்டாம். இன்னொன்று, போகும்போது கண்ணில் பட்டது திரும்பி வரும்போது முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. லிஃப்டில் வந்தவர்களுக்கோ வந்த வழி என்று ஒன்றே மனதில் இருக்காது.

படவரைஞர் (வவுனியா):
தாதி சொல்வது மிகச் சரி. 2004இல் திறக்கப்பட்ட, அமெரிக்காவின் சியாட்டில் மத்திய நூலகம் கட்டடக்கலைக்காகப் புகழ்பெற்றது; ஆனால் நகரும் படியில் மேலே போனவர்களுக்கு இறங்கும் வழி எளிதில் புலப்படாதது அதன் பெரிய குறையாகப் பேசப்பட்டது.

ஓய்வுபெற்ற அதிபர் (மாங்குளம்):
மாடிக்கொரு நிறம் பூசச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். அதை மட்டும் நம்பவேண்டாம். வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாவதால் நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிவது கடினமாகிறது, வெளிர் நிறமென்றால் இன்னும் மோசம். உருவத்தில் வேறுபடும் பெரிய பொருள்களே மேல். அவையும் மாடிக்கு ஒன்றிரண்டு போதும். மூலைக்கு மூலை வைத்தால் எதுவுமே அடையாளமாக இராது.

குளக்கட்டு (கிளிநொச்சி):
எல்லோருக்கும் நன்றி. முதலாம் மாடிப் படிக்கட்டின் முகப்பில் வண்டில் சில்லொன்றும் இரண்டாம் மாடியில் மீன்பறியொன்றும் சுவரோடு பொருத்தலாம் என நினைக்கிறேன். ஓய்வூதியப் பிரிவின் வாசலில் நின்று பார்த்தால் ஒரு தூண் அந்த இடத்தை மறைக்கிறது. பொருளைத் தூணிலேயே மாட்டுவது நல்லதா, படவரைஞர் ஐயா?