அப்பாவுக்கு 80 மார்க், ஆனால் சந்தைக்கு அனுப்ப முடியவில்லை

கொலுசுக்காரர் மகள், செவ்வாய்ப்பேட்டை:
அப்பாவுக்கு 61 வயது, வெள்ளிக் கொலுசு வேலை. நெற்றிப் பக்க மூளையிலிருந்த கட்டியை எடுத்து 3 மாதமாகிறது. போன தடவை சீட்டில் ‘கே.பி.எஸ். 80’ என்று எழுதினார்கள். குளிக்கிறார், சாப்பிடுகிறார், மாடி ஏறுகிறார், எல்லாம் சரிதான். ஆனால் தக்காளியும் கத்திரிக்காயும் வாங்கி வர சூரமங்கலம் உழவர் சந்தைக்கு அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து பை நிறைய கொத்தமல்லியோடு வந்தார். பட்டறையில் உட்கார்ந்தால் ஒரு கொலுசில் 12 முத்து, அதன் ஜோடியில் 9. நாற்பது வருஷமாக ஜோடி தப்பாத கை அது. காட்டினால், “ரெண்டும் ஒண்ணுதானேம்மா” என்கிறார். அந்த 80-இல் இதெல்லாம் எங்கே இருக்கிறது? டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அஸ்தம்பட்டி:
கே.பி.எஸ். என்பது கர்னாஃப்ஸ்கி அளவு, நோயாளி அன்றாட வேலைகளை எவ்வளவு செய்கிறார் என்று 100-க்கு மார்க் போடுவது. 1940-களில் புற்றுநோய்க்குக் கீமோ மருந்து கொடுத்துப் பார்த்த காலத்தில் வந்தது. 80 என்றால் சிரமப்பட்டாவது வழக்கமான வேலைகளைச் செய்கிறார் என்று பொருள். தன்னைப் பார்த்துக்கொள்கிறார், தொழில் செய்ய முடியவில்லை என்றால் 70. நீங்கள் சொல்வது 70-க்குப் பக்கத்தில் வருகிறது. டாக்டரிடம் அப்படியே கேளுங்கள். தன்னைப் பார்த்துக்கொள்வதற்கு மார்க் போடும் பார்த்தெல் அளவிலும் குளியல், சாப்பாடு, படிக்கட்டு மாதிரியானவைதான். கடைக்குப் போவது, பணம், மாத்திரை, போன், பஸ் எல்லாம் கேட்பது 1969-இல் வந்த லாட்டன்-பிராடி பட்டியல். அதில் சமையலும் துணி துவைப்பதும் உண்டு. அப்பா முன்பும் அவற்றைச் செய்யாதவர் என்றால் குறையாக எண்ண வேண்டாம். நெற்றிப் பக்கக் கட்டியில் தன் குறை தனக்கே தெரியாமல் போகலாம். வீட்டில் இருப்பவரையும் கேட்டுத்தான் மார்க் போட வேண்டும், இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

ஏற்காடு எஸ்டேட் வாசி:
அக்கா, எங்கள் அம்மாவும் டாக்டர் முன்னால் பத்து நிமிஷம் அழகாகப் பேசுவார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வீடு வந்தால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு எதற்கு என்று நிற்பார். நான் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: தானாகச் செய்தார், சொன்னதும் செய்தார், கூட நின்றால்தான் செய்தார். தினமும் தேதியோடு. அப்புறம், திண்ணையிலிருந்து எழ கை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியதைப் படித்துத்தான், ஸ்டீராய்டு மாத்திரையால் தொடை தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து டோஸைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அதை நாமாக நிறுத்தவே கூடாது.

கொலுசுக்காரர் மகள்:
இரண்டு பேருக்கும் நன்றி. நேற்றே நோட்டு போட்டேன். வளையம் கோத்தது, தானாக. மாத்திரை, சொன்னதும். முத்து எண்ணியது, கூட நின்று விரல் வைத்துக் காட்டினேன். 12-க்கு 12 வந்தது. திங்கட்கிழமை ரிவியூ. நோட்டோடு அந்தக் கொலுசு ஜோடியையும் எடுத்துப் போகிறேன்.