ட்ராட்டிலிருந்து நடைக்கு இறங்கும்போது முன்பாரம்: ட்ரான்சிஷனைக் கூட்டலாமா, நிறுத்தலாமா?

மணல்வட்டம்:
வணக்கம். என்னுடையது ஒன்பது வயதுப் பெண்குதிரை. டிரெசாஜுக்காக, அதாவது குதிரையின் நடையழகையும் பணிவையும் பார்த்து மதிப்பெண் போடும் போட்டிக்காக, பழக்குகிறேன். ட்ராட் (இரண்டு தாள மெல்லோட்டம்) அழகாகப் போகிறாள். நடைக்கு இறக்கினால் மட்டும் தலையைத் தூக்கி, பாரத்தையெல்லாம் முன்னங்காலில் போட்டு, நாலைந்து தப்படி தடுமாறிய பிறகே நடைக்கு வருகிறாள். கேன்டருக்கு (அதைவிட வேகமான மூன்று தாள ஓட்டம்) ஏற்றும்போது ட்ராட்டிலேயே வேகமெடுத்து ஓடி, அப்புறம்தான் கேன்டர். போன போட்டியில் ட்ரான்சிஷன் (நடை, ட்ராட், கேன்டர் இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது) எல்லாவற்றுக்கும் பத்துக்கு 5 மதிப்பெண்தான். பயிற்சியாளர் தினமும் நூறு ட்ரான்சிஷன் செய்யச் சொன்னார். மூன்று வாரம் செய்தேன், இன்னும் மோசமானது போலத் தெரிகிறது. என்ன செய்யலாம்?

பிடரி:
பயிற்சியாளர் சொன்னதில் தப்பில்லை. குதிரை சும்மா நின்றாலே எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். அதன் மேல் நாம் வேறு ஏறி உட்காருகிறோம். அந்தப் பாரம் பின்னுக்குப் போக வேண்டுமென்றால் பின்னங்கால் மடங்கித் தாங்கிப் பழக வேண்டும். அதைப் பழக்குவது ட்ரான்சிஷன்தான். 20 மீட்டர் வட்டத்தில், ஒரு சுற்றுக்கு நான்கு முறை ட்ராட்டிலிருந்து நடைக்கு இறக்குங்கள். மூன்றே தப்படி நடக்கவிட்டு மறுபடி ட்ராட். அடுத்த ட்ராட் வரப்போகிறது என்று தெரிந்த குதிரை, இறங்கும்போதே பின்னங்காலை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும்.

நெடுநடை:
பிடரி, மூன்று வாரம் செய்து மோசமாகியிருக்கிறது என்று அவரே எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் இன்னும் செய் என்றால் எப்படி? ஜெர்மன் பயிற்சிமுறையின் ஆறு படிகளில் முதல் படி தாளம். பாரத்தைப் பின்னுக்கு வாங்குவது ஆறாவது படி. கடைசியில் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்கிறீர்கள்.

நடையைக் கெடுப்பது எளிது, திருத்துவது மிகக் கடினம். என் ஆண்குதிரைக்கு இப்படித்தான் ஆனது. ஆறு மாதம் இதே வட்டம், இதே மூன்று தப்படி. நடை என்றாலே அவனுக்குப் பதற்றம் வந்துவிட்டது. நாலு தாளமும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய நடையில், ஒரு பக்கத்து இரண்டு கால்களும் சேர்ந்து போகத் தொடங்கின, ஒட்டகம் நடப்பது போல. திரும்பக் கொண்டுவர ஒன்றரை வருடம் ஆனது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

மணல்வட்டம், ட்ரான்சிஷனைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். லகானை நீளவிட்டு, மைதானத்துக்கு வெளியே மேடும் சரிவுமான இடத்தில் நடக்க விடுங்கள்.

பிடரி:
உங்கள் குதிரைக்கு நடந்தது உண்மையிலேயே வருத்தமான விஷயம். ஆனால் அது ட்ரான்சிஷனால் வந்ததா, லகானை இழுத்து இழுத்துச் செய்ததால் வந்ததா? மணல்வட்டத்தின் குதிரை தலையைத் தூக்குகிறாள் என்றாலே அவரும் கையால் இறக்கியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

மணல்வட்டம், இப்படிச் செய்து பாருங்கள். நடைக்கு வர வேண்டிய இடத்துக்கு ஐந்தாறு தப்படி முன்பே மூச்சை விட்டு நிமிர்ந்து உட்காருங்கள். அவள் முதுகோடு அசையும் இடுப்பின் அசைவைச் சிறிதாக்குங்கள். கெண்டைக்கால் விலாவை விட்டு விலக வேண்டாம். வெளிப்பக்கக் கைவிரல்களை ஒரு கணம் இறுக்கி, உடனே விடுங்கள். இதுதான் ஹாஃப் ஹால்ட். இறுக்குவதை எல்லோரும் செய்கிறார்கள், விடுவதுதான் வருவதில்லை. விடாத கையில் அவள் சாய்ந்துகொள்வாள்.

நெடுநடை:
காலும் கையும் ஒரே நேரத்திலா? போ என்றும் நில் என்றும் சேர்த்துச் சொன்னால் குதிரை எதைக் கேட்கும்? 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் குதிரைப் பயிற்சியாளர் பிரான்சுவா போஷே, கை பேசும்போது கால் வேண்டாம், கால் பேசும்போது கை வேண்டாம் என்ற கொள்கைக்கு வந்துவிட்டார்.

பிடரி:
போஷே சொன்னது எனக்கும் பிடிக்கும். ஆனால் காலை எடுத்தவுடன் பின்னங்காலைப் பின்னாலேயே விட்டுவிடும் குதிரைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவள் அந்த ரகம்.

குளம்படி:
அவள் நடையைப் பார்க்காமலே பேசுகிறோம். மணல்வட்டம், முதலில் சேணம் பொருந்துகிறதா, முதுகில் வலி இருக்கிறதா என்று மருத்துவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். அப்புறம் மணலைச் சமமாக வாரிவிட்டு, லகானை நீளவிட்டு நேர்கோட்டில் நடத்துங்கள். பின்குளம்புத் தடம் அதே பக்கத்து முன்குளம்புத் தடத்தைத் தாண்டி எவ்வளவு தூரத்தில் விழுகிறது என்று அளந்து வையுங்கள். இருபது நிமிடம் ட்ரான்சிஷன் செய்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். தடம் குறுகினால் நெடுநடை பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கேன்டரைப் பற்றி ஒன்று. கேன்டரைத் தொடங்கி வைப்பது வெளிப்பக்கப் பின்னங்கால். ட்ராட் ஓட ஓட அந்தக் கால் பின்தங்கும். ஓடத் தொடங்கினால் துரத்தாமல் நிதான ட்ராட்டுக்குத் திரும்பி, புதிதாகக் கேளுங்கள்.

மணல்வட்டம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். மருத்துவர் பார்த்துவிட்டார், முதுகில் வலி இல்லை. சேணமும் சரியாகவே இருக்கிறது. தடம் அளந்தேன். முதலில் ஒரு சாண் தாண்டி விழுந்தது. பழைய மாதிரி இருபது நிமிடம் ட்ரான்சிஷன் செய்த பிறகு நாலு விரல்தான்! பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

மறுநாளிலிருந்து மொத்தமே பன்னிரண்டு ட்ரான்சிஷன். பிடரி சொன்ன ஹாஃப் ஹால்ட், ஒவ்வொன்றுக்கும் பிறகு லகானை நீளவிட்டு முழுச் சுற்று நடை. ஏழாம் நாள் ஒருமுறை தலையைத் தூக்காமல், அடியில் பின்னங்காலை வைத்து அப்படியே நடைக்கு வந்தாள். என் கையில் எந்தப் பாரமும் இல்லை. உடனே இறங்கிக் கழுத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு அன்றைக்கு நிறுத்திவிட்டேன். தடம் இப்போது ஒரு சாணுக்குக் குறையவில்லை. கேன்டர் இன்னும் வரவில்லை, ஓடத்தான் செய்கிறாள்.

பிடரி:
நூறு என்பதை நான் ஆதரித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். கேன்டருக்கு வட்டத்தில் ஷோல்டர் இன் (முன்தோளைச் சற்று உள்பக்கம் கொண்டுவந்து நடத்துவது) சேர்த்துப் பாருங்கள், உள்பக்கப் பின்னங்கால் பாரம் தாங்கப் பழகும். பன்னிரண்டைப் பதினைந்தாக்கலாம்.

நெடுநடை:
ஷோல்டர் இன் சரி. பதினைந்து இப்போது வேண்டாம். இன்னும் இரண்டு வாரம் அந்த ஒரு சாண் அப்படியே நிற்கிறதா என்று அளந்து எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.