மறு: 'லெக்ட் ரோபோ'வைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பர்களுக்கு வணக்கம்.

சக்கரத்தில் உருளாமல் கால்களால் நடக்கும் ரோபோவை ஆங்கிலத்தில் 'லெக்ட் ரோபோ' (legged robot) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் கேட்டதற்கு நேற்று வந்த பரிந்துரைகள் நல்ல தமிழ்தான். ஆனால் அந்தச் சொற்களுக்கு நம் மொழியில் ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'நாற்காலி எந்திரன்' என்றால் உட்காரத் தோன்றும். 'கால்நடை எந்திரன்' என்றால் தீவனம் எங்கே என்பார்கள். 'நடையெந்திரன்' பரவாயில்லை. ஆனால் இவை நடப்பதோடு விடுவதில்லையே. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான, 9 கிலோ எடையுள்ள 'மினி சீட்டா' என்ற நாலுகால் ரோபோ 2019இல் பின்பக்கமாகக் குட்டிக்கரணமே அடித்தது.

தோ பாயோ அன்பர் 'ரோபோ நாய்' போதும் என்கிறார். கொரோனா காலத்தில், 2020 மே மாதம், சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் ஒரு நாலுகால் ரோபோ மக்களை இடைவெளி விட்டு நடக்கச் சொல்லித் திரிந்ததே, அதற்குச் சரி. இரண்டு கால் எந்திரனுக்கு?

சக்கரம் தரையை விடாமல் உருளும். கால் ஓரிடத்தில் ஊன்றி, தள்ளி, எழும்பி, அடுத்த இடத்தைத் தேடும். லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காத பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டாம். எம்ஐடியின் இன்னொரு நாலுகால் ரோபோவான 'சீட்டா 3' 2018இல் கேமரா உதவியில்லாமலே படியேறியது. பாதம் தரையில் பட்டதா என்று உணர்ந்துதான் எடையை இறக்கியது. சூட்சுமம் ஊன்றுவதில்தான் இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: காலூன்றி. குளிரூட்டி, ஒலிபெருக்கி மாதிரி. 'சந்தையில் காலூன்றி' என்று எழுதும்போது குழம்பாதா என்றால், கொஞ்சம் குழம்பும்; வாக்கியம் பார்த்துக்கொள்ளும். இருகாலூன்றி, நாற்காலூன்றி என்று நீட்டலாம். தரையில் நிற்கும் காலுக்கு ஊன்றுகால், காற்றில் இருப்பதற்குத் தூக்குகால். நடராசரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இவை புதிதில்லை. கேட்டதும் ஊன்றுகோல் நினைவுக்கு வருகிறதா? வரட்டுமே. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட இந்த ரோபோக்களைப் பழக்கும் பல்கலைக்கழக ஆய்வுகளும் நடக்கின்றன.

அப்புறம், இந்த ரோபோக்களைப் பற்றிப் பேசும்போது வரும் 'அஜைல்' (agile) என்ற ஆங்கிலச் சொல். சுறுசுறுப்பு எறும்புக்கும் உண்டு, விரைவு காருக்கும் உண்டு. தடுக்கினாலும் சட்டென்று கால் மாற்றி விழாமல் சமாளிப்பதே இங்கே பொருள். அதற்கு 'லாவகம்' என்பேன். வடசொல் என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர்களிடம் இதைவிட நல்ல சொல் இருந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

'காலெந்திரன்' மட்டும் வேண்டாம். வேகமாகச் சொன்னால் என் மகளுக்குக் காலண்டர் என்றே கேட்கிறது.